ஒரு நாள் உட்கார்ந்துவிட்டு வா

ஜூலை 6

அன்புள்ள தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதுகிறேன். இங்கே நானும் உன் அண்ணியும் ஏதோ ஓட்டிக்கொண்டிருக்கிறோம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? டாக்டர் சொல்லிக்கொடுத்த பயிற்சியை நீ செய்யமாட்டாய் என்று தெரியும், இருந்தாலும் கேட்டு வைக்கிறேன்.

இதென்ன திடீரென்று கடிதம் என்று பார்க்காதே. போன் எனக்கு ஒத்துவரவில்லை. வழக்கு கொடுத்திருக்கிற கட்சிக்காரன் ஒவ்வொருத்தனும் நான் சாப்பிட உட்காரும்போதுதான் கூப்பிடுகிறான். தூக்கி அலமாரியில் போட்டுவிட்டேன். எழுதினால் ஆற அமரச் சொல்லலாம், நீயும் குறுக்கே பேச முடியாது. அண்ணியைக் கேட்டால், நான் எதையுமே காதில் வாங்குவதில்லை என்பாள். கல்யாணமான நாளிலிருந்து சொல்கிறாள், அது கிடக்கட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். வாண்டுக்கு இது கடைசி வருஷம். உன் கல்லூரியிலேயே படிக்கிறாள், விடுதியிலிருந்து உன் அறைக்கு நாலு எட்டு. சட்டக் கல்லூரிக்குப் போகிற பிள்ளைகளுக்கு வழி சொல்வதுதான் உன் உத்தியோகமே. யார் யார் பெற்ற பிள்ளைகளுக்கோ சொல்கிறாய். என் மகளையும் கொஞ்சம் கவனி. இந்த ஊர்ச் சட்டக் கல்லூரி ஒன்று போதும். காலையில் வகுப்பு, மத்தியானம் என் ஆபீஸ், நேரம் கிடைக்கும்போது என்னோடு கோர்ட். படிப்பு முடியும்போது பாதித் தொழில் கையில் இருக்கும்.

என் ஜூனியர் போன மாதம் நின்றுவிட்டான். "சார், நான் சொல்றது எதுவுமே உங்ககிட்ட எடுபடல" என்று சொல்லிவிட்டுப் போனான். திமிர்! பழைய குமாஸ்தா ஒருத்தர்தான் துணை. பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் எனக்குப் பெரிய பாரம் இறங்கும். பரிந்துரைக் கடிதத்தை நீயே எழுதிவிடு.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணன்

&nbsp;

ஜூலை 21

அன்புள்ள அண்ணாவுக்கு,

கடிதம் கிடைத்தது. குறுக்கே பேச முடியாது என்று நீ சந்தோஷப்பட்டது எனக்குப் புரிகிறது. முதுகு அப்படியேதான் இருக்கிறது. பயிற்சி செய்யவில்லை. அண்ணிக்கு மூட்டு வலி தேவலையா?

இங்கே சீசன் ஆரம்பித்துவிட்டது. மாடிப்படிக்குக் கீழே என் அறை, உனக்குத் தெரியும். மேலே யார் ஓடினாலும் என் தலையில் ஓடுகிற மாதிரி இருக்கும். காலையிலிருந்து சாயங்காலம் வரை பிள்ளைகள். "ஏன் சட்டம்?" என்று கேட்டால், "எங்க வீட்ல எல்லாரும் எனக்கு வாய் ஜாஸ்தின்னு சொல்றாங்க மேடம்." அடுத்தவள், "நீதிக்காகப் போராடணும்." யாருடைய நீதி என்று கேட்டால் முழிக்கிறாள். நேற்று ஒரு பையன் உண்மையைச் சொன்னான்: "கணக்கு வராது மேடம்." கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அப்புறம் அப்பாக்கள். ஆடுகிற நாற்காலி ஒன்று வைத்திருக்கிறேன், அதில்தான் அவர்களை உட்காரவைப்பேன். சீக்கிரம் எழுந்து போய்விடுவார்கள்.

இத்தனை வருஷத்தில் அலுத்துப்போய்விட்டது அண்ணா. கட்டுரைகளைப் படிக்கும்போது முதல் வரியிலேயே கடைசி வரி தெரிந்துவிடுகிறது. அதனால் ஒரு விதி வைத்திருக்கிறேன். என்னிடம் வருகிற எந்தப் பிள்ளையும் முதலில் ஏதாவது ஒரு கோர்ட்டில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்துவிட்டு வர வேண்டும். பார்த்ததை ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும். என்ன நினைத்தாய் என்பது வேண்டாம், என்ன பார்த்தாய் என்பது போதும். அதற்கு அப்புறம்தான் விண்ணப்பத்தைப் பற்றிப் பேச்சு. வாய்தா வாங்கி வாங்கியே பொழுது போவதைப் பார்த்துப் பாதிப்பேர் திரும்பி வருவதில்லை. எனக்கும் வேலை மிச்சம்.

வாண்டுக்கும் இதே விதிதான். சொல்லிவிட்டேன். ஒரே கல்லூரிக்குப் போடுவது என்பதும் கிடையாது. எட்டாதது ஒன்று, எட்டுவது ஒன்று, கைக்குள் இருப்பது ஒன்று என்று மூன்று போட வைப்பேன். பரிந்துரை நான் எழுத முடியாது. அத்தை எழுதினால் அது சிபாரிசு.

போனை எடுத்துத் தூசி தட்டு.

உன் தங்கை

&nbsp;

ஆகஸ்ட் 3

அன்புள்ள தங்கச்சிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அண்ணிக்கு வலி இருக்கிறது, வாய் நன்றாக இருக்கிறது.

உன் விதியைப் படித்தேன். மற்ற பிள்ளைகளுக்குச் சரி. வாண்டு என் மேஜைக்குக் கீழே கேஸ் கட்டுகளை அடுக்கி வீடு கட்டி விளையாடியவள். அவளுக்கு எதற்குக் கோர்ட்டைக் காட்ட வேண்டும்? நான் சொன்னால் நீ கேட்கமாட்டாய். உட்காரவைத்தே தீருவேன் என்றால் உன் ஊரில் எத்தனையோ கோர்ட் இருக்கிறது, அங்கே அனுப்பு. இங்கே வேண்டாம். அப்பா வாதாடும்போது மகள் பின்னால் உட்கார்ந்திருப்பது சரியாக இருக்காது. ஜட்ஜும் புதுசு, வாய்க்குள்ளேயே முணுமுணுக்கிற ஆள். அவர் முன்னால் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை.

இதை நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. என் கோர்ட்டுக்கு அனுப்பாதே.

பரிந்துரையைப் பற்றி நீ சொன்னது வருத்தம்தான். சின்ன வயதில் உன் வீட்டுப்பாடமெல்லாம் நான் எழுதித் தந்தேன், அப்போது அது சிபாரிசாகத் தெரியவில்லை.

முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

அண்ணன்

&nbsp;

செப்டம்பர் 14

அன்புள்ள அத்தைக்கு,

நான் நல்லா இருக்கேன். லீவுக்கு வீட்டுக்கு வந்து நாலு நாளாச்சு. உங்க முதுகு எப்படி இருக்கு? நீங்க கேட்ட ஒரு பக்கத்தை இங்கிருந்தே எழுதி அனுப்புறேன். விடுதிக்கு வந்து உங்க முகத்தைப் பார்த்துக் கொடுக்க முடியும்னு தோணல.

அப்பாவோட கோர்ட்டுக்குத்தான் போனேன். வேண்டாம்னு அப்பா சொன்னதா நீங்க சொன்னீங்க. அதனாலதான் போனேன். அம்மாகிட்ட சிநேகிதி வீட்டுக்குன்னு சொன்னேன். பின்வரிசைல, தூணுக்குப் பக்கத்துல உட்கார்ந்தேன்.

பார்த்தது: காலைல ரெண்டு கேஸ்ல அப்பா நின்னார். குமாஸ்தா மாமா அவர் பின்னாடியே நிக்கிறார். ஜட்ஜ் ஒரு கேள்வி கேட்டா, மாமா அதைக் கட்டோட முதுகுல பென்சிலால எழுதி அப்பா கைக்குப் பக்கத்துல தள்ளுறார். அப்பா கண்ணாடியைச் சரிபண்ற மாதிரி குனிஞ்சு படிச்சுட்டுப் பதில் சொல்றார். பழக்கமா, சுத்தமா நடக்குது. முதல்ல எனக்கே புரியல.

மத்தியானம் ஒரு தையல்காரம்மாவோட கேஸ். கடையைக் காலி பண்ணச் சொல்றாங்க. அந்த நேரம் குமாஸ்தா மாமாவை யாரோ வெளியே கூப்பிட்டாங்க. நோட்டீஸ் என்னைக்குக் கைக்கு வந்ததுன்னு ஜட்ஜ் கேட்டார். அப்பா கடையோட நீள அகலத்தைச் சொன்னார். ஜட்ஜ் திரும்பக் கேட்டார். அப்பா திரும்பவும் நீள அகலத்தையே, இன்னும் சத்தமாச் சொன்னார். அப்ப ஜட்ஜ் ஒண்ணு சொன்னார். அதை எழுத எனக்குக் கை வரல. கோர்ட்டே சிரிச்சது. அப்பா சுத்தித் திரும்பிப் பார்த்தார். எல்லாரும் சிரிக்கிறதைப் பார்த்துட்டு அவரும் சேர்ந்து சிரிச்சார் அத்தை. தையல்காரம்மா மட்டும் சிரிக்காம அப்பா முகத்தையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. நான் எழுந்து வெளியே வந்துட்டேன்.

பார்த்தது அவ்வளவுதான். இனிமே எழுதுறது நினைச்சது, வேண்டாம்னா அடிச்சிடுங்க. அப்பாவுக்குக் காது கேட்கல. அம்மாவுக்குத் தெரியாது. எனக்கு வேற கல்லூரி எதுவும் வேண்டாம். இந்த ஊர்லயே சேர்ந்து அவர் பக்கத்துல உட்காரணும். விண்ணப்பத்தைக் கொடுங்க. நான் பார்த்தேன்னு அப்பாவுக்கு மட்டும் தெரியவே கூடாது. சத்தியம் பண்ணுங்க.

வாண்டு

&nbsp;

செப்டம்பர் 18

அன்புள்ள தங்கச்சிக்கு,

சுகம். நீயும் சுகமாக இருப்பாய் என்று நினைக்கிறேன்.

வாண்டு லீவு முடிந்து நேற்றுக் கிளம்பினாள். இளைத்துப் போயிருக்கிறாள். விடுதியில் என்னதான் போடுகிறார்கள்? வாரத்தில் ஒரு நாளாவது உன் வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு போடு.

இன்னொன்று. சட்டம் சட்டம் என்று நான் அவளை ரொம்பவும் நெருக்கிவிட்டேனோ என்று தோன்றுகிறது. அவளுக்குச் சரித்திரம் பிடிக்கும், மேலே அதையே படிக்கட்டுமே. என் தொழில் என்னோடு போகட்டும். நீ அவளை எதற்கும் வற்புறுத்த வேண்டாம்.

வேறு விசேஷம் இல்லை.

அண்ணன்

&nbsp;

அக்டோபர் 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. முதுகைச் சாக்குச் சொல்லலாம், ஆனால் முதுகு இல்லை. இரண்டு தடவை எழுத உட்கார்ந்து கிழித்துப் போட்டேன்.

வாண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறாள். சாப்பிடுகிறாள். பேச்சுதான் குறைந்துவிட்டது. கோர்ட்டில் உட்கார்ந்துவிட்டு வந்தாள். எழுதியும் கொடுத்தாள். நன்றாகத்தான் எழுதியிருந்தாள். அதற்கு அப்புறம் "ஏன் சட்டம்" கட்டுரை எழுதச் சொன்னேன். மூன்று தடவை எழுதினாள், மூன்று தடவையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அதில் இருக்கிற காரணம் அவளுடையதாக எனக்குப் படவில்லை. இன்னொருத்தருடைய சுமையைத் தூக்கிக்கொண்டு ஒரு பிள்ளை கல்லூரி வாசலுக்குப் போனால் என்ன ஆகும் என்று நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன். இரண்டாம் வருஷத்தில் திரும்பி வந்து என் அறையில் அழும். அவளுக்கு என் மேல் கோபம். "அத்தை, நீங்க படிக்கிறது கட்டுரையையா, என்னையா?" என்று கேட்டாள்.

உன்னிடம் இரண்டு கேள்வி. ஜூலையில் இந்த ஒரே கல்லூரிதான் என்று நின்றாய். செப்டம்பரில் வேண்டாம் என்கிறாய். நடுவில் என்ன ஆயிற்று? இரண்டாவது, நீ ஏன் போனை எடுப்பதில்லை? கேலிக்குக் கேட்கவில்லை அண்ணா. உண்மையாகவே கேட்கிறேன்.

உடனே எழுது.

தங்கை

&nbsp;

நவம்பர் 22

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் கடிதம் வந்து வெகு நாளாகிவிட்டது. வேலை. இங்கே விடாமல் மழை, ஆபீஸ் கூரையில் ஒழுகல். நாலு வாளி வைத்திருக்கிறோம். குமாஸ்தா வாளி மாற்றுவதா, கட்டு எடுப்பதா என்று திண்டாடுகிறார். அண்ணிக்குச் சளி. எனக்கு ஒன்றும் இல்லை.

ஆபீஸைப் பக்கத்து அறை வக்கீலுக்கே விட்டுவிடலாமா என்று பார்க்கிறேன். நல்ல பையன், என்னுடைய பழைய கேஸ்களை அவனே நடத்துவான். ஒவ்வொன்றாக அவன் பெயருக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். எனக்கும் வயதாகிறது. வீட்டில் உட்கார்ந்து யாருக்காவது மனு எழுதித் தரலாம்.

வாண்டு கட்டுரை எழுதி மன்றாட வேண்டாம். விண்ணப்பமே வேண்டாம் என்று சொல்லிவிடு. நான் சொன்னதாகச் சொல்லாதே, நீ சொன்னதாகச் சொல். உன் பேச்சை அவள் கேட்பாள்.

அண்ணன்

&nbsp;

நவம்பர் 29

அண்ணா,

சுகம் விசாரிக்க எனக்குப் பொறுமை இல்லை. சுகமாக இருக்கிறாயா என்று கேட்டால் எனக்கு ஒன்றும் இல்லை என்பாய். வாளியைப் பற்றி ஒரு பக்கம் எழுதுவாய். நான் கேட்ட இரண்டு கேள்விக்கும் ஒரு வரி பதில் இல்லை. கோர்ட்டில் எதிர்க்கட்சிக்காரன் இப்படி நழுவினால் நீ விடுவாயா?

இத்தனை வருஷமாக அப்பாக்கள் என் அறைக்கு வருகிறார்கள். எல்லோரும் பிள்ளையை உள்ளே தள்ளத்தான் வருவார்கள். வெளியே இழுக்கிற அப்பாவை இப்போதுதான் பார்க்கிறேன். அதுவும் என் வாயால் சொல்ல வேண்டுமாம்! அவளோ சட்டம்தான், அந்த ஊர்தான், அப்பா பக்கத்தில்தான் என்று பிடித்த பிடியாக நிற்கிறாள். நேற்று வெளியே வரிசையில் பிள்ளைகள் காத்திருக்க, என் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. வெளியே நின்ற பிள்ளைகள் சட்டப் படிப்பு இவ்வளவு கஷ்டமா என்று பயந்திருப்பார்கள்.

ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தரிடம் சொல்லாததால்தான் பிள்ளைகள் என்னை நம்பி வருகிறார்கள். இப்போது நீ ஒரு பக்கம் வாயை மூடிக்கொண்டிருக்கிறாய், அவள் ஒரு பக்கம். நடுவில் நான் இரண்டு பேருக்கும் பொய் சொல்லி மாய்கிறேன். எனக்கு முடியவில்லை அண்ணா. களைத்துப்போய்விட்டேன்.

விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் ஜனவரி பத்து. அதற்குள் அவளுக்கு ஒரு கடிதம் எழுது. எனக்கு எழுத வேண்டாம். நீ யாரிடமும் சொல்லாமல் வைத்திருப்பது எதுவோ, அதை அவளிடம் சொல். உன் தங்கையாக ஒரே ஒரு தடவை கேட்கிறேன்.

&nbsp;

டிசம்பர் 13

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். பரீட்சை எல்லாம் எப்படிப் போகிறது? குளிருக்குப் போர்வை போதுமா? அம்மாவுக்குச் சளி விட்டது.

உன் அத்தை என்னைத் திட்டி எழுதியிருக்கிறாள். திட்டில் நியாயம் இருக்கிறது. இரண்டு வருஷமாக எனக்குக் காது போய்க்கொண்டே இருக்கிறது. டாக்டரைப் பார்த்தேன். மெஷின் வைத்தேன். இரைச்சல்தான் பெரிதாகிறது, வார்த்தை வரவில்லை. அம்மாவிடம் சொல்லவில்லை. காது கேட்காத வக்கீலிடம் எவன் வழக்கைக் கொடுப்பான் என்ற பயம்தான். உன்னைப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டால் யாருக்கும் தெரியாமல் ஓட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். உன்னை வக்கீலாக்க நினைத்ததாக உன் அத்தைக்கு எழுதினேன். என் குமாஸ்தாவுக்கு அடுத்த குமாஸ்தாவாகத்தான் நினைத்திருக்கிறேன் கண்ணு. அது தப்பு.

உனக்குத் தெரியாத ஒன்று. செப்டம்பரில் நீ கோர்ட்டுக்கு வந்ததை நான் பார்த்தேன். எல்லோரும் சிரிக்கிறார்களே என்று திரும்பியபோது, தூணுக்குப் பக்கத்தில் நீ. எனக்குக் காதுதான் போயிற்று, கண் இருக்கிறது. நீ எழுந்து போனதையும் பார்த்தேன். அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது நீ என்னிடம் சத்தமாக, நிறுத்தி நிறுத்திப் பேசினாய். இதுவரை நீ அப்படிப் பேசியதில்லை. அந்த நேரத்தில்தான் உனக்கு இந்தத் தொழிலே வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

எனக்காக எங்கேயும் சேராதே. இது அப்பாவின் உத்தரவு என்றே வைத்துக்கொள்.

ஒன்றே ஒன்று மட்டும் எனக்குத் தெரிய வேண்டும். அன்றைக்கு அந்த ஜட்ஜ் என்ன சொன்னார்? குமாஸ்தாவைக் கேட்டேன். அப்போது வெளியே இருந்தேன் என்கிறார். பக்கத்து அறைப் பையனைக் கேட்டேன். ஒன்றுமில்லை சார் என்கிறான். மாதக்கணக்காக இது என்னை அரிக்கிறது. நானும் சேர்ந்து சிரித்தேனே, எதற்குச் சிரித்தேன் என்று தெரிய வேண்டாமா? நீ சொல்வாய் என்று நம்புகிறேன்.

அப்பா

&nbsp;

ஜனவரி 4

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நல்லா இருக்கேன். பரீட்சை முடிஞ்சது. போர்வை போதும். உடனே பதில் எழுதாததுக்கு மன்னிச்சிடுங்க. எழுதி எழுதி அடிச்சேன். கொஞ்சம் மாத்திச் சொல்லிடலாமான்னு பார்த்தேன். அப்படிச் சொன்னா நானும் "ஒன்றுமில்லை சார்" ஆயிடுவேன்.

ஜட்ஜ் சொன்னது இது: "வக்கீல் சார் தனியா ஒரு கேஸ் நடத்திக்கிட்டிருக்கார். அதுலயாவது ஜெயிக்கட்டும்." ஒரு வார்த்தை கூட்டல, ஒரு வார்த்தை குறைக்கல.

எதிர்த்தரப்பு வக்கீல் முதல்ல சிரிச்சார். அப்புறம் எல்லாரும். கடைசியா நீங்க.

உங்க கடிதத்தை அத்தைகிட்டக் காட்டினேன். அத்தை கண்ணாடியைக் கழட்டி வெச்சாங்க. அப்புறம், "இப்ப எழுது பார்ப்போம்"னு ஒரு வெள்ளைத் தாளைத் தள்ளினாங்க. நாலாவது தடவை. அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். முன்னாடி மூணு தடவையும் எங்க அப்பாவுக்குக் காது கேட்கல, அதனால நான் சட்டம் படிக்கணும்னுதான் எழுதியிருந்தேன். இந்தத் தடவை உங்களைப் பத்தி அவ்வளவா இல்ல. அந்தக் கோர்ட்ல உங்களைத் தவிர எல்லாருக்கும் காது கேட்டுது. "இது தப்புங்க, அந்தம்மாவோட கடை விஷயம் இது, சிரிக்க என்ன இருக்கு"ன்னு ஒருத்தரும் எழுந்து சொல்லல. நானும் எழுந்தேன், ஆனா வெளியேதான் போனேன். என்ன சொல்லணும், எப்படிச் சொல்லணும், சொல்ல எனக்கு அங்கே உரிமை இருக்கான்னுகூட எனக்குத் தெரியல. அதைத் தெரிஞ்சுக்கத்தான் படிக்கணும்னு எழுதினேன். அத்தை படிச்சுட்டு ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தினாங்க, அவ்வளவுதான். அழுதாங்கன்னு நான் சொன்னதாச் சொல்லாதீங்க.

மூணு கல்லூரிக்குப் போட்டாச்சு. நம்ம ஊர் அதுல இல்ல. எல்லாமே தூரம். நான் உங்க பக்கத்துல வந்து உட்காரமாட்டேன் அப்பா. உத்தரவுன்னு நீங்க சொன்னதுல பாதியைத்தான் கேட்டிருக்கேன், திட்டாதீங்க. உங்களை விட்டுட்டுத்தான் போறேன்னு தெரியுது. ஆனா போறேன்.

அம்மாகிட்ட இன்னைக்கே சொல்லிடுங்க.

வாண்டு

&nbsp;

மார்ச் 2

அன்புள்ள தங்கச்சிக்கு,

நானும் அண்ணியும் இருக்கிறோம். நேற்று இரண்டு பேரும் சேர்ந்தே டாக்டரிடம் போய்வந்தோம். உன்னை அந்தப் பயிற்சியைச் செய்யச் சொல்லி அண்ணி சொல்லச் சொன்னாள்.

அவளிடம் சொல்லிவிட்டேன். முதலில் அழுதாள். அப்புறம், "அப்போ ரெண்டு வருஷமா நான் திட்டினதெல்லாம் வீணா?" என்று கேட்டாள். இப்போது கையில் ஒரு சிலேட்டை வைத்துக்கொண்டு எழுதித் திட்டுகிறாள். முன்னைவிட நீளம்.

வாண்டு எழுதியது உனக்குத் தெரியும். அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு நான் பல நாள் கோர்ட்டுக்குப் போகவில்லை. வலித்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனாலும் என்னிடம் அதைச் சொல்ல அவளுக்கு எத்தனை துணிச்சல் வேண்டியிருந்திருக்கும்! நான் பெற்ற பெண்தானா என்று நினைத்துக்கொண்டேன். தூரத்துக் கல்லூரி ஒன்றில் நேர்காணலுக்குக் கூப்பிட்டிருக்கிறார்களாமே. போய்வரட்டும். அன்றைக்கு நீ கூடப் போகாதே, அவளே போகட்டும்.

மற்ற கேஸ்களைப் பக்கத்து அறைப் பையனுக்குக் கொடுத்தாயிற்று. தையல்காரம்மாவுடையதை மட்டும் கொடுக்கவில்லை. போன வாரம் அது வந்தது. அதே ஜட்ஜ். அவர் வாய் அசைந்ததும் எழுந்து சொன்னேன்: "ஐயா, எனக்குக் காது கேட்காது. ரெண்டு வருஷமா கேட்கிற மாதிரி நடிச்சுக்கிட்டு இருந்தேன். உங்க கேள்வியை எழுதிக் கொடுங்க, பதில் சொல்றேன்." அப்புறம் என்ன நடந்தது என்று தெரியாமல் குமாஸ்தாவைப் பார்த்தேன். அவர் கட்டின் முதுகில் எழுதிக் காட்டினார்: "யாரும் பேசல."

ஜட்ஜ் ஒரு தாளை எடுத்து எழுதி அனுப்பினார். கோழி கிளறிய மாதிரி கையெழுத்து. நோட்டீஸ் என்றைக்குக் கிடைத்தது, அவ்வளவுதான் கேள்வி. சொன்னேன். தேதி தவறிப்போய் நோட்டீஸ் கொடுத்திருக்கிறார்கள், அது செல்லாது என்று ஜட்ஜுக்கே பிறகுதான் உறைத்தது. அந்த அம்மாவின் கடை இப்போதைக்குத் தப்பித்தது. மேலே முறையிடுவார்கள், பார்த்துக்கொள்ளலாம்.

நாங்கள் கிளம்பும் சமயம் அடுத்த கேஸில் கோர்ட்டு மறுபடியும் சிரித்தது. எல்லோருடைய தோளும் குலுங்கியது. வாசலிலேயே நின்று என்னவென்று கேட்டேன். குமாஸ்தாவுக்கு எழுத விருப்பமில்லை, எழுதித்தான் ஆக வேண்டும் என்றேன். எழுதிக் காட்டினார். என்னைப் பற்றியது இல்லை, ஏதோ மாட்டைப் பற்றி. இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். அப்படியொன்றும் நன்றாக இல்லை, அதனால் நான் சிரிக்கவில்லை.

உன் அண்ணன்